கடல் விட்டுப்போன கரை

கடல்கோள் என்றாலே நமக்குக் கண் கலங்கிவிடும். கடல் கொண்ட குமரிக்கண்டத்துக்காக ஒரு நூற்றாண்டாக ஒப்பாரி வைத்திருக்கிறோம். கடல் விட்டுப்போன கரை ஒன்று பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் வெயிலில் கிடக்கிறது. நம் வரலாற்றுக் கதையாடலில் அதற்கு ஒரு வரி கிடையாது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கும் நெய்தல் என்றால் நாகப்பட்டினம்தான். காரை ஊரை ஒட்டிய செம்மண் ஓடைகளில் துப்பாக்கித் தோட்டா மாதிரிக் கிடந்த பெலம்னைட்டுகளைப் பொறுக்கியபோதுதான் உறைத்தது. ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர், "கடல் கெடந்த எடம் தம்பி இது" என்றார், போன வருஷம் வற்றிய ஏரியைச் சொல்வதுபோல.

இன்றைய கடல் அரியலூரிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். கிரிட்டேசியஸ் காலத்தில், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் பின்னுமாக, அது பலமுறை உள்ளே வந்து பின்வாங்கியது. ஓதம் ஏறி இறங்கும் கோடு ஓரிடத்தில் நிற்கவில்லை. காரைக் களிமண் கரையைவிட்டுத் தள்ளிய கடலடி; கல்லங்குறிச்சியின் சிப்பிப் படுகை ஆழமில்லாத கடல். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்க் கிடக்கும் மரம் கரையிலிருந்து அடித்து வரப்பட்டுக் கடற்படிவில் புதைந்தது. 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் அதை அறிவித்தார்.

இந்தப் பாறைகளை முறையாக ஆராய்ந்து ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. அவர் அறிக்கை வந்தது 1862-இல். வேடிக்கை என்னவென்றால், இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்திருந்து பின்பு மூழ்கிய நிலம் ஒன்றை 1875-இல் முன்வைத்தவரும் இதே பிளான்ஃபோர்டுதான். ஸ்கிளேட்டரின் லெமூரியா (1864) புறப்பட்ட அதே ஓட்டம்; நம் குமரிக்கண்டத்துக்கு அறிவியல் சட்டை மாட்டிவிட்டது அதுதான். ஒரே ஆள் எழுதிய இரண்டு பிரதிகளில் மூழ்கிய நிலத்தை எடுத்துக்கொண்டு, காலடியில் கிடந்த கரையை விட்டுவிட்டோம். மூழ்கிய நிலத்தில் மன்னனையும் சங்கத்தையும் குடியேற்றலாம். சிப்பியை வைத்துக்கொண்டு என்ன பெருமை பேச முடியும்?

சிப்பியின் மதிப்பை அறிந்தவன் முதலாளி. கல்லக்குடியில் 1939-இல் டால்மியா சிமெண்ட் ஆலை வந்தது. அங்கே வெட்டிய சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுப்போனதுதான். 1953-இல் டால்மியாபுரம் என்ற பெயரை எதிர்த்துத் தண்டவாளத்தில் படுத்தோம். அந்தப் போராட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கோரிக்கை பெயரைப் பற்றியது. பெயருக்குக் கீழே இருந்த கல் யாருக்கு என்பதைப் பற்றியதல்ல. 1979-இல் அரசே அரியலூரில் ஆலை வைத்தது. தனியார் ஆலைகளும் பெருகின.

உயிரோடிருக்கும் கரைக்காவது சட்டத்தில் ஒரு கோடு உண்டு. 1991 அறிவிக்கை கடலேற்றக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டரையும், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட நிலத்தையும் கட்டுப்பாட்டில் வைத்தது. (2019-இல் அதையும் தளர்த்தினார்கள், மீனவர்கள் கத்தியது யார் காதில் விழுந்தது?) கல்லங்குறிச்சிச் சிப்பி அரசு ஏட்டில் சிப்பியே இல்லை. 1957 சட்டத்தின்படி அது கனிமம். டன் கணக்கில் அளந்து குத்தகைக்கு விடுவது.

2020-இல் குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்ததாகச் செய்தி பரவியது. அம்மோனைட் படிவு என்று நிலவியலாளர் விளக்கினார். வெறும் கடல் என்றதும் பேச்சு அடங்கிவிட்டது.