நகரம் வாங்குவது தாளையா, கோப்பையா? சியாட்டில் பொதுக்கலைத் தொகுப்பை முன்வைத்து

தகுதியுள்ள கட்டுமானத் திட்டங்களின் செலவில் நூற்றில் ஒரு பங்கு கலைக்கு என்று சியாட்டில் நகரம் 1973இல் சட்டம் இயற்றியது. (பிலடெல்ஃபியா 1959லேயே இவ்வழியைத் தொடங்கிவிட்டது.) அந்தப் பணத்தில் பூங்காச் சிற்பங்கள் மட்டும் எழவில்லை, நகர அலுவலகச் சுவர்களில் இடம் மாற்றி மாற்றி மாட்டப்படும் படைப்புகள் சுமார் 3,000 சேர்ந்தன. அவற்றில் புகைப்படங்களும் உண்டு. டிஜிட்டல் புகைப்படம் ஒன்று இத்தகைய தொகுப்புக்குள் நுழையும்போது, சட்டமிட்ட ஒரு தாளை வாங்கியதாகக் கணக்கு எழுதுவது பிழை என்பதே என் வாதம்.

தேர்விலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. பொதுக்கலை அழைப்புகளுக்குக் கலைஞர்கள் படக்கோப்புகளை அனுப்புவதும், நடுவர்கள் திரையில் பார்ப்பதும் இன்று வழக்கம். எண்ணெய் ஓவியம் திரையில் வரும்போது அசல் வேறெங்கோ இருக்கிறது என்பதை யாரும் மறப்பதில்லை. டிஜிட்டல் புகைப்படத்தில் அந்த விழிப்பு மழுங்கி, திரையில் கண்டதே படைப்பு என்று தோன்றிவிடுகிறது. திரை ஒளியை உமிழ்வது. தாளோ தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவது. கருமையின் ஆழம், தாளின் சொரசொரப்பு, சுவரில் அது பிடிக்கப்போகும் இடம் எதுவும் தேர்வறைக்கு வருவதில்லை. ஒளியைத் தேர்ந்துவிட்டுத் தாளுக்குப் பணம் தருகிறோம்.

அந்தத் தாள் நிலைப்பதும் இல்லை. எளிதில் மங்கும் படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் ஒளியளவு வரம்பு ஏறத்தாழ 50 லக்ஸ். அலுவலக வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ். நாளுக்குப் பத்து மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள், 400 லக்ஸ் என்று வைத்தால் பத்து லட்சம் லக்ஸ்-மணி. அருங்காட்சியகத்தில் எட்டு மணி நேரம், 300 நாள் என்றாலும் 1,20,000தான். அலுவலகத்தின் ஓராண்டு அங்கே எட்டாண்டுக்கு மேல். பாடகர் கிரஹாம் நாஷ் 1991இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய டிஜிட்டல் அச்சகத்தில் ஐரிஸ் என்னும் மைத்தூவல் இயந்திரங்கள் தந்த தொடக்ககால மை அச்சுகள் விரைவில் மங்கக்கூடியவை. பின்னால் வந்த நிறமி மைகள் பன்மடங்கு உறுதியானவை. உறுதி கூடியதே தவிர, அழிவு நீங்கவில்லை.

சட்டமும் கைகொடுப்பதில்லை. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுக் காட்சிக்கலைஞர் உரிமைச் சட்டம், காட்சிக்கென்றே உருவான புகைப்படம் கையொப்பமிட்ட ஒற்றைப் பிரதியாகவோ, கையொப்பமும் வரிசை எண்ணும் கொண்ட 200க்கு மிகாத பிரதிகளாகவோ இருந்தால்தான் அதைக் காக்கிறது. காலத்தாலோ பொருளின் இயல்பாலோ நேரும் மாற்றத்தை அது சிதைப்பாகக் கொள்வதும் இல்லை. படத்தில் நீலம் வெளுத்துப் போனால் கேட்க நாதியில்லை! செதுக்குத் தகட்டின் தேய்மானத்தோடு ஒட்டியிருந்த எண்ணிடும் பழக்கம், தேயாத கோப்பின் மேல் ஏற்றப்பட்டிருக்கிறது.

ஆகவே நகரம் தாளோடு நின்றுவிடாமல் கோப்பையும், தாள் மங்கும்போது அதை மறுபடி அச்சிடும் உரிமையையும் வாங்க வேண்டும் என்கிறேன். மறு அச்சு உரிமையைக் கேட்டால் கலைஞரின் பிழைப்பு கெடும் என்பது இதற்கு வலுவான மறுப்பு. எண்ணிக்கையை வரையறுத்தே அவர் விலை பெறுகிறார். இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மறு அச்சு என்பது கூடுதல் பிரதி ஆகவேண்டியதில்லை. படைப்பை மறுபடி உருவாக்குவதில் எழும் இத்தகைய சிக்கல்களை ஆராயவே நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் ஒரு குழுவை 2008இல் அமைத்தது. மங்கியதை அழித்துவிட்டு அதே எண்ணைப் புதியதற்கு இட்டால் எண்ணிக்கை மாறாது. நமக்கு இது புதிதும் அல்ல: ஏடு செல்லரிக்குமுன் பெயர்த்தெழுதியே நூல்களைக் காத்தோம். பாடபேதம் புகுந்ததும் அவ்வழியாகத்தான் என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே கோப்பு மட்டும் போதாது. மென்பொருளும் மையும் மாறும்போது அதே கோப்பு வேறு படமாக அச்சாகும். கொள்முதல் ஒப்பந்தத்தில் கோப்போடு, கலைஞர் ஒப்பிய கையகல அச்சு ஒன்றும் சேர வேண்டும். அது சுவரைக் காணாமல், இருட்டறை இழுப்பறையில் கிடக்கட்டும். இருபது ஆண்டு கழித்துப் புதிய அச்சைப் போடுபவர் அதை வெளியே எடுத்து, இரண்டையும் ஒரே விளக்கின் கீழ் வைத்துப் பார்த்த பிறகே பழையதைக் கிழிக்க வேண்டும்.