மீறிப் பார்க்கும் ஆய்வுகள்: இணையக் குழுக்களைச் சோதிப்பதன் அறம்

2025 ஏப்ரல் இறுதியில், ரெடிட் தளத்தில் இயங்கும் 'சேஞ்ச் மை வியூ' என்னும் விவாதக் குழுவின் மட்டுறுத்துநர்கள் தம் உறுப்பினர்களுக்கு ஓர் அறிவிப்பை வெளியிட்டனர். சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில மாதங்களாக அக்குழுவில் செயற்கை நுண்ணறிவு எழுதிய மறுமொழிகளை, மனிதர்கள் எழுதியவை போல இட்டு வந்தனர் என்பதே செய்தி. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அக்குழுவின் விதி. ஆய்வாளர்கள் அதனை அறிந்தே மீறினர். மனிதர்களின் கருத்தை இயந்திரத்தால் மாற்ற முடியுமா என்று பார்ப்பது அவர்களின் நோக்கம்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட அம்மறுமொழிகளுள் ஒன்று, பாலியல் வன்முறைக்கு உள்ளானவராகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. இன்னொன்று, 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' இயக்கத்தை ஏற்காத கறுப்பின மனிதராகப் பேசியது. இந்த இரண்டாவது குரல் நமக்குப் பழக்கமானது. "நானும் தலித்துதான், ஆனால் இடஒதுக்கீடு தேவையில்லை என்கிறேன்" என்று முகமற்ற கணக்கு ஒன்று எழுதும்போது, அதற்கு நூறு பேர் கைதட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஒடுக்கப்பட்டவரின் சொல்லுக்கு அவருடைய வாழ்வனுபவமே எடை தருகிறது. அந்த எடையை ஓர் ஆய்வுக்காகக் கடன் வாங்கியவர்கள், யாரிடம் அனுமதி கேட்டார்கள்?

விதியை மீறி எதிர்வினையைக் கவனிக்கும் முறை புதிதன்று. அமெரிக்கச் சமூகவியலாளர் ஹரால்டு கார்ஃபிங்கல் இதனைத் தம் மாணவர்களைக் கொண்டு செய்து பார்த்தார். அவருடைய நூல் 1967இல் வெளிவந்தது. சொந்த வீட்டிலேயே வாடகைக்குத் தங்கியிருப்பவர் போல, மிகுந்த பணிவுடன் நடந்துகொள்ளுமாறு மாணவர்களை அவர் பணித்தார். பெற்றோர் திகைத்தனர், கோபம் கொண்டனர், பிள்ளைக்கு உடல்நலமில்லையோ என்று அஞ்சினர். மீறப்படும்வரை சமூக விதி கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது கார்ஃபிங்கலின் முடிவு. விதியால் அடிபடாதவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம். தெருவில் செருப்பணிந்து நடக்கக் கூடாது, தேநீர்க் கடையில் இன்ன குவளையில்தான் குடிக்க வேண்டும் என்ற விதிகளைக் கண்டறியச் சேரிக்கு எந்த ஆய்வும் தேவைப்பட்டதில்லை.

1927 மார்ச் 20 அன்று மகாட் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தலைமையில் மக்கள் நீர் அருந்தியது, வேண்டுமென்றே செய்யப்பட்ட விதிமீறல். அக்குளத்தை அனைவருக்கும் திறந்துவிடுவதாக நகராட்சி ஏற்கெனவே தீர்மானித்திருந்தது. ஆயினும் சாதியின் விதி வேறாக இருந்தது. மீறியவர்கள் தம் பெயரோடும் முகத்தோடும் சென்றார்கள். அடி விழுந்ததும் அவர்கள் மீதே. மீறலின் விலையை மீறியவரே செலுத்தினார் என்பதால், மகாட்டைச் சூரிச்சின் பக்கத்தில் வைக்க இயலாது.

அப்படியானால் மறைவாகச் சோதிப்பதே தவறா? இல்லை. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வுக்காக, நாளேடுகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தகுதி ஒன்றே, பெயர்கள் மட்டும் உயர்சாதி இந்து, தலித், முஸ்லிம் என வேறுபட்டன. தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். இதுவும் ஏமாற்றுதான். ஆனால், ஏமாற்றப்பட்டவர்கள் வாயிலில் நின்று பிறரைத் தடுக்கும் அதிகாரம் கொண்டவர்கள். அவர்கள் இழந்தது சில நிமிடங்கள். 'தகுதியை மட்டுமே பார்க்கிறோம்' என்று சொல்பவர்களிடம் முன்கூட்டியே இசைவு கேட்டிருந்தால், இந்த உண்மை வெளிவந்தே இருக்காது. 2024 தேர்தலின்போது எக்கோ, இந்தியா சிவில் வாட்ச் இன்டர்நேஷனல் ஆகிய அமைப்புகள் வெறுப்பைத் தூண்டும் 22 விளம்பரங்களை மெட்டா நிறுவனத்திடம் அளித்துச் சோதித்தன, 14 ஏற்கப்பட்டன. அவை எவர் கண்ணிலும் படுவதற்கு முன்பே திரும்பப் பெறப்பட்டன. இந்தக் கடைசிச் செயல்தான் அச்சோதனையை அறமுள்ளதாக்கியது என்பது நம் கருத்து.

இடைப்பட்ட நிலையும் உண்டு. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லினக்ஸ் மென்பொருளைப் பராமரிப்பவர்கள் குறையுள்ள திருத்தங்களைக் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்க, அத்தகைய திருத்தங்களைத் தெரிந்தே அனுப்பினர். இது மனிதர் மீதான ஆய்வு அல்ல என்று பல்கலைக்கழகக் குழு விலக்களித்திருந்தது. படித்துச் சரிபார்த்தவர்கள் மனிதர்கள் இல்லையா? 2021 ஏப்ரலில் அப்பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளுக்கே தடை விதிக்கப்பட்டது. அவர்கள் எழுப்பிய பாதுகாப்புக் கேள்வி உண்மையானது. திட்டத்தின் பொறுப்பாளர் ஓரிருவரிடம் மட்டுமாவது முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம், சோதனையும் கெட்டிருக்காது.

தலித் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவொன்றில் போலிப் பெயரில் நுழைந்து, இழிசொல் ஒன்றை இட்டு, எத்தனை பேர் எதிர்க்கிறார்கள் என்று எண்ணும் ஒரு பருவத் திட்டப்பணியைக் கற்பனை செய்வது கடினமன்று. அக்குழு எவரையும் தடுக்கும் வாயில் அன்று. வகுப்பறையில் பேச முடியாததைப் பேசும் இடம். இறுதியில் 'இது ஆய்வுதான்' என்று விளக்கம் அளித்தாலும், இழிசொல்லைப் படித்துவிட்டு வெளியேறியவருக்கு அவ்விளக்கம் சென்று சேராது. மீதமிருப்பவர்கள் அடுத்துச் சேரும் ஒவ்வொரு புதியவரையும் ஐயத்துடன் பார்ப்பார்கள். இழிவுபடுத்தும் எண்ணம் இல்லை என்று சட்டத்தின் முன் ஆய்வாளர் வாதிடலாம். படித்தவரின் காயம் அவ்வெண்ணத்தைக் கேட்டு வருவதில்லை.

சூரிச் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு, ஆய்வின் தலைவருக்கு எச்சரிக்கை விடுத்தது. முடிவுகளை வெளியிடப்போவதில்லை என்று ஆய்வாளர்கள் அறிவித்தனர். இனி இத்தகைய ஆய்வுகளுக்கு முன் உரிய குழுக்களுடன் கலந்து பேசப்படும் என்று பல்கலைக்கழகம் கூறியுள்ளது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வகுத்த நெறிமுறைகள் மருத்துவ, நலவாழ்வு ஆய்வுகளுக்கானவை. கணினித் துறை மாணவர் ஒருவர் இணையக் குழுவொன்றைச் சோதிக்கும் திட்டத்தைத் தன் கல்லூரியில் யாரிடம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும்? இதை வாசிக்கும் மாணவர்கள் தம் துறைத் தலைவரிடம் இக்கேள்வியை எழுத்துவழி கேட்கலாம். ஒப்புதல் தரும் குழுவில் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துக் கேட்கலாம்.