பள்ளிகளில் தன்பாலீர்ப்பு மாணவர் பாதுகாப்பு

தன்பாலீர்ப்புள்ள மாணவரைச் சக மாணவர்களின் கேலி, மிரட்டல், தாக்குதலிலிருந்து காக்கப் பள்ளிக்குள்ள சட்டக் கடமை. இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல சட்டங்களைச் சேர்த்தே நீதி கேட்க வேண்டியுள்ளது. கல்வி உரிமைச் சட்டத்தின் (2009) 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. ஆனால் அது 6 முதல் 14 வயது வரைக்கே. கிண்டல் கடுமையாகும் மேல்நிலை வகுப்புகள் அதற்கு வெளியே நிற்கின்றன. சிறார் நீதிச் சட்டத்தின் (2015) 75ஆம் பிரிவு 18 வயது வரை பொருந்தும்: குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே அலட்சியம் காட்டித் துன்பத்துக்கு உள்ளாக்குவது குற்றம்.

தெளிவான வழிகாட்டல் சுஷ்மா வழக்கில் கிடைத்தது. மதுரையைச் சேர்ந்த பெண் இணை ஒன்று பாதுகாப்புக் கோரியபோது, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முதலில் தாமே உளவியல் ஆலோசனை அமர்வில் பங்கேற்றார். பிறகு 2021 ஜூன் 7இல் பிறப்பித்த உத்தரவில், பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்கு விழிப்புணர்வு, பாலினப் பொதுக் கழிப்பறை, குறைகேட்கும் ஆலோசகர் ஆகியவற்றைக் கல்வி நிலையங்களுக்குப் பரிந்துரைத்தார். நடையையும் குரலையும் பழிக்கும் கேலிக்கு அஞ்சி, இடைவேளையில் கழிப்பறைக்கே போகாத பிள்ளைக்கு இவை அன்றாடத் தேவைகள்.

இந்த உத்தரவு கர்நாடக நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, முன்மாதிரியாக எடுத்துக்காட்டலாம். தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை 2018 செப்டம்பர் 6இல் சுருக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்போ நாடு முழுவதற்கும் பொருந்தும்.