ஒரு இசைத்தட்டும் விமர்சகன் இல்லாத வருஷங்களும்

2009இல், பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருஷத்தில், உக்கடத்தில் பழைய சாமான் விற்பவரிடம் ஒரு இசைத்தட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். 'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று தலைப்பு, சரண்ஜித் சிங் என்று பெயர். ராகமும் டிஸ்கோவும் ஒரே அட்டையில். சிரிப்பு வந்தது. அப்போது நான் பிரிட்டிஷ் போஸ்ட்-பங்க் பித்தன். 1979இல் 'பப்ளிக் இமேஜ் லிமிடெட்' மூன்று தட்டுகளை உலோக டப்பாவில் அடைத்து வெளியிட்டது எனக்குத் தெரியும். மூன்றே வருஷம் கழித்துப் பம்பாயில் நடந்தது தெரியாது.

பிறகு வங்கியில் சேர்ந்து, தினமும் பஸ்ஸில் பொள்ளாச்சி போய்வந்த நாட்களில், நண்பர் ஒருவர் தந்த பாட்டு ஒன்றைக் கேட்டேன். தாளமும் அடிநாதமும் இம்மியும் பிசகாத இயந்திரச் சுழற்சி. அதன் மேல் ஹிந்தோளம். வடக்கே அதற்கு மால்கௌன்ஸ் என்று பெயர். கிணத்துக்கடவு தாண்டியதும் தெரியவில்லை. பெயரைக் கேட்டபோதுதான் உக்கடத்து அட்டை நினைவுக்கு வந்தது.

சரண்ஜித் சிங் ஹிந்திப் பட வாத்தியக் குழுக்களில் வாசித்தவர். ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகளைக் கொண்டு 1982இல் இதைப் பதிவு செய்தார். அவற்றில் டிபி-303 என்பது, கிதார்க்காரர் தனியாகச் சாதகம் செய்யும்போது பக்கத்தில் பேஸ் வாசிக்க ஆள் இல்லாத குறையைத் தீர்க்க வந்த சிறு பெட்டி. அந்த வேலைக்கு அது உதவவில்லை, வியாபாரத்தில் தோற்றது. ஆனால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதி அதில் உண்டு. ராகம் அறிந்த காதுக்கு அது போதும். தட்டும் விலைபோகவில்லை.

1987இல் சிகாகோவில் 'ஃப்யூச்சர்' குழு அதே பெட்டியைக் கொண்டு ஆசிட் ஹவுஸ் என்ற வகையைத் தொடங்கிவைத்தது. 2010இல் பாம்பே கனெக்ஷன் என்ற டச்சு நிறுவனம் சிங்கின் தட்டை மறுபடி வெளியிட்டதும், ஆசிட் ஹவுஸை முன்கூட்டியே செய்தவர் என்று அவரைக் கொண்டாடினார்கள். 2015இல் அவர் காலமானார்.

இந்தப் பாராட்டு எனக்கு உவப்பானதல்ல. சிகாகோவை அளவுகோலாக்கி, அதற்கு ஐந்து வருஷம் முந்தியது என்பதால் மதிப்புத் தருவது, தட்டைக் கேட்காமலே தரும் மதிப்பு. அதில் இருப்பது வேறொன்றின் முன்னோட்டம் அல்ல. ராகத்தின் நெகிழ்ச்சியை, நெகிழத் தெரியாத தாளத்தின் மேல் நிறுத்திப் பார்த்த சோதனை. சில ராகங்களில் அது தோற்கவும் செய்கிறது என்பது என் அபிப்பிராயம். தோல்வியையும் சேர்த்துப் பேசுவதுதான் மரியாதை.

பிரிட்டனில் போஸ்ட்-பங்க் தட்டு வந்த வாரமே 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' போன்ற பத்திரிகைகள் அதைத் திட்டவோ தாங்கவோ தயாராக இருந்தன. இங்கே சபா விமர்சனம் ஒரு பக்கம், சினிமாப் பாட்டு மறுபக்கம். நடுவில் பக்கமே இல்லை. 1959இல் 'எழுத்து' வந்திராவிட்டால் புதுக்கவிதையும் வசனத்தை உடைத்துப்போட்ட கேலிக்கூத்தாகவே நின்றிருக்கும். சோதனை செய்பவன் மட்டும் போதாது. அதைச் சோதனை என்று அடையாளம் காண ஒருவன் வேண்டும்.

அந்த ஒருவன் என்றுதான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். மறுபடி உக்கடம் போனேன். கடைக்காரர் இருந்தார். தட்டு இல்லை.