ஒரு முழத் தகரம்

எங்க ஊர்ல ஒரு அண்ணன் இடது கையிலதான் கூலி வாங்குவார். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. வலது கையில் மூணு விரல் கிடையாது. இருபது வருசத்துக்கு முன்னாடி எங்க களத்தில் சோளக்கதிர் அடிக்கும்போது மெஷின் இழுத்துக்கிட்டது. "என் கவனக்குறைவுதான் தம்பி, யாரைச் சொல்றது?" என்பார். அப்பா ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டு, ரெண்டு மூட்டை சோளமும் கொடுத்தார். கணக்கு முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன், பஞ்சாபில் நடந்த கதையைப் படிக்கும்வரை.

1960களின் பின்பாதியில் குட்டைரகக் கோதுமை வந்தது. 1964-65இல் நாட்டின் கோதுமை விளைச்சல் சுமார் 1 கோடியே 20 லட்சம் டன். ஐந்தே வருடத்தில் அது 2 கோடியாகிவிட்டது. 1968இல் வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களை மூடி அங்கே மூட்டை அடுக்கினார்கள். அவ்வளவு கதிரையும் மாடு கட்டித் தாம்பு ஓட்டி அடிக்க முடியுமா? பஞ்சாப், ஹரியானா சிற்றூர்ப் பட்டறைகள் கதிரடிக்கும் மெஷின்களைச் செய்து தள்ளின.

கூடவே விபத்தும் வந்தது. விரல், உள்ளங்கை, முழங்கை வரை போனவர்கள் உண்டு. உயிரே போனவர்களும் உண்டு.

காரணம் கேட்டால் அங்கேயும் அதே பதில்தான்: தூக்கக் கலக்கம், அவசரம், தளர்வான துணி. எதுவும் பொய்யில்லை. சித்திரை வெயில், கண்ணை மறைக்கும் தூசி, மழை வந்துவிடுமோ என்ற பயம், ராத்திரியில் கிடைக்கும் கரண்ட். இதில் எவன் கவனமாக இருப்பான்?

மெஷினின் வாயைப் பாருங்கள். உள்ளே உருளை நிமிடத்துக்குப் பல நூறு சுற்று சுற்றுகிறது. கதிர்க்கட்டின் நுனியை அது கவ்விய கணத்தில் கட்டு உள்ளே போய்விடும். விட வேண்டும் என்று மூளை சொல்வதற்குள் கையும் போய்விடும். கதிரைத் தள்ளிவிடும் தகரத் தொட்டி குட்டையாக, மூடியில்லாமல் இருந்தால் கைக்கும் உருளைக்கும் நடுவே தடுப்பே இல்லை. தகரம் குறைந்தால் விலை குறையும். விலை குறைந்தால்தான் விற்கும்.

பிறகு இந்திய தர நிர்ணய அமைவனம் இதற்கு அளவு வகுத்தது: தொட்டி குறைந்தது 90 சென்டிமீட்டர் நீளம், அதில் 45 சென்டிமீட்டர் மேலே மூடியிருக்க வேண்டும். நம்ம கணக்கில் ரெண்டு முழத் தொட்டி, ஒரு முழ மூடி. அவ்வளவுதான் மருந்து!

சட்டம்? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆலை இயந்திரத்துக்கு வேலி போடச் சொன்னது. ஆனால் களம் தொழிற்சாலை இல்லையே. கடைசியில் 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் சட்டம் வந்தது. செய்பவருக்கும் விற்பவருக்கும் உரிமம் வேண்டும். இயக்கும்போது அடிபட்டாலோ இறந்தாலோ இழப்பீடு உண்டு. குட்டைக் கோதுமை வந்து பதினைந்து வருசத்துக்கும் மேலே ஆகியிருந்தது.

அந்தச் சட்டம் வந்து எவ்வளவோ வருசம் கழித்துத்தான் எங்க களத்தில் அண்ணன் விரல் போனது. வாடகைக்கு எடுத்த அந்த மெஷினின் தொட்டி ஒரு முழம்கூட இருந்திருக்காது, மூடியும் இல்லை. எடுத்து வந்தது நாங்கள். ராத்திரி ரெண்டு மணி வரை ஓட்டச் சொன்னதும் நாங்கள்தான். அவருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அதற்கப்புறம் அவரால் மண்வெட்டியை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. ஆடு மேய்க்கப் போனார். மகன் பத்தாவதோடு நின்று திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான்.

போன தையில் வந்த மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டேன். தொட்டி நீளமாக, மூடி போட்டது கிடைக்க நாலு நாள் ஆனது. "இத்தனை நாள் இல்லாத அதிசயமா?" என்று அப்பா சத்தம் போட்டார். அண்ணன் மட்டும் கிட்டே வந்து அந்த மூடியை இடது கையால் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசவில்லை.

"இது அன்னிக்கே இருந்திருக்கலாம் தம்பி" என்றார்.