வாழும் ஊரும் செல்லும் வழியும்

மனிதன் தன் வாழ்நாளில் மேற்கொள்ளும் முடிவுகளுள் எங்கே குடியிருப்பது என்பது பெரியதொரு முடிவாகும். எதைப் படிப்பது, எத்தொழிலில் அமர்வது என்பன பற்றி மாணவர்களாகிய நீங்கள் பலரிடமும் அறிவுரை கேட்கிறீர்கள். ஆனால், உழைக்கும் இடத்துக்கும் உறங்கும் இடத்துக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கலாம் என்பது பற்றி எவரும் கேட்பதில்லை. நெடுந்தொலைவு சென்று வர நேரினும் மனத்துக்கினிய ஊரில் வாழ்வதா? ஊர் எத்தகையதாயினும் அலுவலகத்துக்கு அண்மையில் தங்குவதா? இவ்வினா நாளை உங்கள் ஒவ்வொருவர் வாயிலிலும் வந்து நிற்கும். விடை காண்பதற்கு வரலாறு நல்ல துணை. சென்னை மாநகரின் வரலாறு இவ்வினாவுக்கு மக்கள் காலந்தோறும் கண்ட விடைகளின் வரலாறே எனலாம்.

1639 ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் சோழமண்டலக் கடற்கரையில் ஒரு சிறு நிலப்பகுதியைப் பெற்றுக் கோட்டை எழுப்பத் தொடங்கினர். கோட்டையை ஒட்டி வணிகரும் நெசவாளரும் குடியேறிய நகர் வளர்ந்தது. முன்புறம் கடை, பின்புறம் இல்லம் என்பதே அந்நகரின் அமைப்பு. பவளம் விற்றவர் வாழ்ந்த தெரு இன்றும் பவளக்காரத் தெரு என்றே வழங்குகிறது. தொழிலின் பெயரே தெருவின் பெயரானது எதனால்? தொழிலும் வாழ்வும் ஒரே தெருவில் நடந்தமையால்தான். 1911 ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாற்றம் பெற்ற பகுதி அந்நகரின் வழிவந்ததே. அக்காலத்தில் திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் புறநகர்கள் அல்ல. தத்தமக்கெனக் கோயிலும் குளமும் மாடவீதியும் சந்தையும் கொண்ட தனி ஊர்கள். ஒருவன் நடந்து சென்று மீளக்கூடிய வட்டமே அவன் ஊரின் எல்லையாக இருந்தது.

இந்த எல்லையைப் பற்றி இத்தாலி நாட்டு இயற்பியல் அறிஞர் சிசரே மார்செட்டி என்பார் 1994 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வரைந்தார். மக்கள் எக்காலத்தும் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தையே போக்குவரவில் செலவிடுகின்றனர் என்பது அவர் கருத்து. மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவன் ஒரு மணி நேரத்துக்குள் போய்த் திரும்ப வேண்டுமாயின் இரண்டரைக் கிலோமீட்டருக்கு அப்பால் செல்ல இயலாது. பழைய நகரங்கள் அவ்வளவில் அடங்கியிருந்ததற்குக் காரணம் இதுவே என்றார் அவர். ஊர்தி விரைவானால் மனிதனுக்கு நேரம் மிஞ்சுவதில்லை, நகரமே பெரிதாகிறது. இக்கருத்தை எல்லா நகருக்கும் எழுத்துப் பிசகாமல் பொருத்த இயலாது. எனினும், சென்னை வளர்ந்த வகையை உணர்வதற்கு இது நல்லதொரு திறவுகோல்.

நடையின் எல்லையை முதலில் கடந்தவர்கள் வண்டியும் பல்லக்கும் உடையவர்களே. 1746 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். 1749 ஆம் ஆண்டில் அது மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1758 - 59 ஆம் ஆண்டுகளில் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி முற்றுகையிட்டுத் தோற்றபின் போரச்சம் படிப்படியாக நீங்கியது. அச்சம் நீங்கவே, கம்பெனியின் அதிகாரிகள் கோட்டைக்குள் நெருங்கி வாழ்வதை விடுத்து எழும்பூர், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு முதலிய இடங்களில் பரந்த தோட்டங்களின் நடுவே மாளிகை அமைத்தனர். காலையில் கோட்டைக்குச் சென்று அலுவல் பார்ப்பதும் மாலையில் தோட்ட வீட்டுக்குத் திரும்புவதும் அவர்தம் வழக்கமாயின. நாள்தோறும் பயணம் செய்து பணியாற்றும் வாழ்க்கை சென்னையில் இவ்வாறு தோன்றியது.

அவர்கள் பெற்றவை தூய காற்றும் நிழலும். இழந்தது யாது? தோட்ட வீடுகளுக்கிடையே தெருவில்லை, திண்ணையில்லை, அண்டை அயல் என்பதே இல்லை. ஒவ்வொரு வீடும் ஒரு தீவு. ஒருவரையொருவர் கண்டு பேசுவதற்கென்றே மன்றங்கள் வேண்டியிருந்தன. 1832 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மெட்ராஸ் கிளப் அத்தகைய மன்றங்களுள் ஒன்று. தோட்டங்கள் பிற்காலத்தில் துண்டு துண்டாக விற்கப்பட்டன. ஹாரிங்டன் சாலை என்பது போன்ற பெயர்களே அவ்வாழ்வின் நினைவாக எஞ்சின. பெயர் எஞ்சியது, ஊர் உருவாகவில்லை.

அடுத்து வந்தது டிராம் வண்டி. 1895 ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் மின்சார டிராம் சென்னைத் தெருக்களில் ஓடியது. சொந்த வண்டி இல்லாத குமாஸ்தாவும் ஆசிரியரும் மாணவரும் சில்லறைக் காசு கொடுத்து நகரைக் கடக்கும் வாய்ப்பைப் பெற்றனர். 1953 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அது நின்றுபோகும் வரை நடுத்தர மக்களின் ஊர்தியாக விளங்கியது. அக்காலத்து மயிலாப்பூரை எண்ணிப் பாருங்கள். 1892 ஆம் ஆண்டில் கடற்கரையை அடுத்து உயர்நீதிமன்றத்தின் புதிய கட்டடம் எழுந்தது. அங்கே வழக்காடிய வழக்கறிஞர் பலர் அவ்விடத்தை ஒட்டிக் குடியேறாமல் மயிலாப்பூரிலேயே வாழ்ந்தனர். ஆறு ஏழு கிலோமீட்டர் தொலைவு அவர்களுக்குப் பாரமாகவில்லை. பொழுது சாயுமுன் இல்லம் திரும்பியவர்களுக்கு மாலைப்பொழுது மிச்சம் இருந்தது.

அம்மாலைப்பொழுதில் என்ன விளைந்தது என்பதே நாம் கருதத்தக்கது. மயிலாப்பூரில் வாழ்ந்த வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் 1905 ஆம் ஆண்டில் ஆயுர்வேத மருத்துவ நிலையம் ஒன்றையும் 1906 ஆம் ஆண்டில் வடமொழிக் கல்லூரியையும் அங்கு நிறுவினார். 1872 ஆம் ஆண்டிலேயே அவ்வூரார் தமக்குள் சேமநிதி ஒன்றை ஏற்படுத்திக்கொண்டிருந்தனர். 1929 ஆம் ஆண்டில் ரசிக ரஞ்சனி சபை எழுந்தது. பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் உலா மாடவீதிகளில் வருவதும், அதனை ஒட்டித் தண்ணீர்ப்பந்தல் வைப்பதும், அன்னமிடுவதும் ஊராரின் பொதுக்காரியங்கள். இவையெல்லாம் பயணம் குறுகியதாக இருந்தமையால் மட்டுமே எழுந்தன என்று கூறுதல் பொருந்தாது. செல்வமும் கல்வியும் பக்தியும் காரணங்களே. ஆனால் செல்வமும் கல்வியும் இருந்து, மாலைப்பொழுது இல்லாதிருந்தால், இவற்றை யார் நடத்தியிருப்பர்?

இருபதாம் நூற்றாண்டில் மக்கள்தொகை பெருகவே, பழைய ஊர்களில் இடம் போதவில்லை. 1920 ஆம் ஆண்டில் சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளில், மயிலாப்பூருக்கு மேற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்து மாம்பலத்தில் புதுநகர் சமைத்தனர். சர் பிட்டி தியாகராயரின் பெயரால் அது தியாகராயநகர் ஆயிற்று. நடுவே பனகல் பூங்கா; அதிலிருந்து பிரியும் அகன்ற சாலைகள். ஊர்கள் பெரும்பாலும் தாமே வளர்வன. இது வரைபடத்தில் பிறந்த ஊர். ஆயினும் பள்ளிகளும் கடைவீதியும் வாணி மகால் போன்ற கலையரங்கும் ஏற்பட்டபின் இதற்கும் தனி இயல்பு வாய்த்தது. புதிய குடியிருப்புக்கு உயிர் வராது என்று எண்ணுவோர்க்கு இது தக்க விடை. உயிர் தானாக வருவதில்லை. குடியேறியவர்கள் ஊட்ட வேண்டும்.

1931 ஆம் ஆண்டு மே திங்கள் 11 ஆம் நாள் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. தென்னிந்திய ரயில்வேயார் அமைத்த அப்பாதையின் நீளம் ஏறத்தாழ 29 கிலோமீட்டர். குரோம்பேட்டையும் பல்லாவரமும் தாம்பரமும் சென்னைக்கு அண்டை வீடுகள் போல் நெருங்கின. நகரின் பிற்கால வளர்ச்சி இவ்விருப்புப்பாதையைத் தொடர்ந்தே தெற்கு நோக்கிச் சென்றது. குறைந்த வாடகையும் சொந்த மனையும் கிணற்று நீரும் நாடியோர் ரயில் நிலையங்களைச் சுற்றிக் குடியேறினர்.

அப்போது ஒரு கல்விக்கூடம் எடுத்த முடிவு சிந்தனைக்குரியது. 1837 ஆம் ஆண்டில் பள்ளியாகத் தொடங்கி வளர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, நீதிமன்றத்துக்கு எதிரே நகரின் நெருக்கத்தில் இருந்தது. அது 1937 ஆம் ஆண்டில் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. ஆசிரியரும் மாணவரும் நாள்தோறும் நகரிலிருந்து ரயிலேறி வந்து மீளுமாறு அதனை அமைத்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல் மாணவர்க்கு மூன்று விடுதிகளும் ஆசிரியர்க்கு இல்லங்களும் வளாகத்துக்குள்ளேயே எழுப்பினர். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் துணைவியாரும் புதர்க்காடாக இருந்த அந்நிலத்தில் மரங்களை நட்டு வளர்த்தனர். ரயில் அவ்விடத்தை எட்டச் செய்தது உண்மை; ஆனால் அதனைச் சோலையாக்கியவர்கள் அங்கேயே தங்கி வாழ்ந்தவர்கள்.

மாணவ நண்பர்களே, இதுவரை கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை புலப்படும். பயண நேரத்தைத் தராசின் ஒரு தட்டிலும், ஊரின் நலத்தை மறு தட்டிலும் வைத்து நிறுப்பதே நம் வழக்கம். உண்மையில் அவை இரு வேறு பொருள்கள் அல்ல. வழியில் கழியும் ஒவ்வொரு மணியும் ஊரிடமிருந்து கழிக்கப்படும் மணியே. நாளொன்றுக்கு 2 மணி நேரம் பயணம் செய்பவனுக்கு, ஆண்டில் 300 வேலைநாள் எனக் கொண்டால், 600 மணி நேரம் வழியிலே கழிகிறது. அஃது இரவும் பகலுமாக 25 நாட்கள். முப்பது ஆண்டுப் பணிக்காலத்தில் 750 நாட்கள். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல். நல்ல நூலகம் உள்ள ஊர் என்று தேடிப் போகிறான். நூலகம் மூடியபின் வீடு திரும்புகிறான். நல்ல அண்டையார் உள்ள தெரு என்று போகிறான். அவர்களைத் திருமணத்திலும் சாவிலும் மட்டுமே காண்கிறான். பல்லாண்டுகள் பள்ளியில் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நெடுந்தொலைவிலிருந்து வரும் மாணவன் பாடத்தில் பின்தங்குவது அரிது. மாலை விளையாட்டுத் திடலில்தான் அவனைக் காண முடிவதில்லை.

ஊரின் இயல்பு என்பது மக்களை மட்டும் குறிப்பதன்று. மண்ணையும் நீரையும் சேர்த்தே குறிப்பது. ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் ஊரும் பேரும் என்னும் நூலில் காட்டியவாறு, நம் ஊர்ப்பெயர்கள் அவ்வவ்விடத்து இயல்பை உரைப்பவை. தாங்கல் என்பது நீர்நிலையைக் குறிக்கும் சொல். இம்மின்சார ரயில் பாதையிலேயே பழவந்தாங்கல் என்னும் நிலையம் உள்ளது. பெயர் சொன்ன செய்தியைக் கேளாமல் ஏரியிலும் சதுப்பிலும் மனை வகுத்தோம். 2015 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளையொட்டிப் பெய்த பெருமழையில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் வெள்ளம் புகுந்தபோது, நிலையத்திலிருந்து வீடு எத்தனை நிமிட நடை என்று மட்டும் கணக்கிட்டவர்கள், மழைநீர் எவ்வழியாகப் போகும் என்று கணக்கிடாத குறையை உணர்ந்தனர்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. 2000 ஆம் ஆண்டு தொடங்கி, நகரின் நடுவே ஆற்றங்கரைகளிலும் பிற இடங்களிலும் குடிசையிட்டு வாழ்ந்த ஏழை மக்கள் பலர் தெற்கே கண்ணகி நகருக்கும், பின்னர்ச் செம்மஞ்சேரிக்கும் குடியேற்றப்பட்டனர். கல்வீடு கிடைத்தது, ஆனால் முன்பு நடந்து சென்ற வேலைக்கு இருபது கிலோமீட்டர் அளவு பேருந்தில் செல்ல நேர்ந்தது. அண்டை வீடுகளில் வேலை செய்து பிழைத்த பெண்கள் பலர் அவ்வேலையையே இழந்தனர். வசதியுடையவனுக்குத் தொலைவு என்பது விருப்பம்; வறியவனுக்கு அது தண்டனை. நாளை நகரமைப்பு அலுவலராகவும் பொறியாளராகவும் ஆட்சியாளராகவும் அமரப்போகும் நீங்கள் வரைபடத்தில் ஒரு கோடு இழுக்கும்போது, அது ஒரு தாய் விடியலில் எழுந்து செல்ல வேண்டிய வழி என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

ஊர்திகள் மேலும் பெருகிவிட்டன. பறக்கும் ரயில் 2007 ஆம் ஆண்டில் வேளச்சேரியை எட்டியது. மெட்ரோ ரயில் 2015 ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. இவை நன்மைகளே. எனினும் விரைவு தரும் நேரத்தைத் தொலைவு விழுங்கிவிடும் என்ற பழைய பாடம் மாறவில்லை.

ஆதலின், குடியிருக்க இடம் தேடும்போது வாடகையையும் வழிச்செலவையும் கூட்டிப் பார்ப்பதோடு நில்லாதீர்கள். பொழுது சாயுமுன் நான் வீடு சேர்வேனா என்று கேளுங்கள். அவ்வூரில் மண் எத்தகையது, நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே வடிகிறது என்று முதியவர்களிடம் கேளுங்கள். கோயில் இல்லாத ஊரில் குடியிருத்தல் வேண்டா என்று முன்னோர் மொழிந்தது பலரும் கூடும் பொதுவிடத்தின் அருமையை உணர்ந்தே என்று கொள்ளலாம்; அத்தகைய இடம் அங்கு உண்டா என்று பாருங்கள். இல்லையெனில், அதனை ஏற்படுத்த எனக்கு நேரம் இருக்குமா என்று உங்களையே வினவிக்கொள்ளுங்கள். ஊர் நமக்கு எவ்வளவு தரும் என்பதை மட்டும் எண்ணி வீடு பார்ப்பவன் குடிக்கூலிக்காரன். ஊருக்குத் தன் மாலைப்பொழுதில் ஒரு பங்கைத் தருபவனே ஊரான்.