சாம்பலில் வேரூன்றிய கொடி

கிரேக்கத்தின் சாண்டொரினித் தீவுக்குச் செல்பவர்கள் வெண்சுவர் வீடுகளையும் நீலக் குவிமாடங்களையும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தரையோடு தரையாய், பெரிய பறவைக் கூடுகளைப் போல் சுருண்டு கிடக்கும் திராட்சைக் கொடிகளே அத்தீவின் உண்மையான தொன்மை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அக்கொடியின் பெயர் அஸ்ஸிர்டிகோ.

கி.மு. 1600ஐ ஒட்டிய காலத்தில் எரிமலை வெடித்து, தீவின் நடுப்பகுதி கடலுள் அமிழ்ந்தது. எஞ்சிய பிறை வடிவ நிலத்தைச் சாம்பலும் நுரைக்கல்லும் மூடின. 1967இல் ஸ்பிரிடான் மரினடோஸ் தோண்டத் தொடங்கிய அக்ரோத்திரி நகரம் அச்சாம்பலுக்கு அடியில் சுவரோவியங்களோடும் சேமிப்புத் தாழிகளோடும் உறைந்து கிடந்தது. 19ஆம் நூற்றாண்டில் சூயஸ் கால்வாய்ப் பணிகளுக்கான சுண்ணச் சாந்தில் கலக்க இதே சாம்பலைக் கப்பல் கப்பலாக அள்ளிச் சென்றார்கள். ஒரு நகரை விழுங்கிய மண் இன்னொரு துறைமுகத்தைக் கட்ட உதவியது.

கொடியைக் காத்ததும் அந்த மண்தான். 1860களில் தொடங்கி ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபில்லாக்ஸெரா பூச்சியால், களிமண் அறவே இல்லாத இம்மணலில் வாழ முடியவில்லை. ஐரோப்பாவின் பெரும்பாலான கொடிகள் இன்று அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டப்பட்டவை. சாண்டொரினியிலோ கொடி தன் சொந்த வேரில் நிற்கிறது. பழைய கொடியின் கிளையை மண்ணுள் பதியனிட்டே புதிய கொடியை உண்டாக்குகிறார்கள்.

கோடையில் மழை அரிது. மெல்டெமி என்னும் வடகாற்றோ ஓயாது வீசும். பந்தலிட்டால் குலைகள் சிதைந்துவிடும். ஆகவே குளிர்காலத்தில் கவாத்து செய்யும்போதே கிளைகளை வட்டமாகப் பின்னிக் கூடையாக்கிவிடுகிறார்கள். குலைகள் உள்ளே பாதுகாப்பாகத் தொங்கும். கடற்பனியின் ஈரத்தை நுரைக்கல் இரவெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பல பத்தாண்டுகளில் கூடை தளர்ந்ததும் அதை வெட்டி எறிய, அதே வேரிலிருந்து புதுத் தளிர் கிளம்பும். கொடியின் வயதைக் கேட்டால் தண்டின் வயதையா, வேரின் வயதையா சொல்வது?

அத்தனை வெயிலில் பழுத்தும் இத்திராட்சை புளிப்பை இழப்பதில்லை. எலுமிச்சையும் ஈரக்கல்லும் சற்றே உப்பும் கலந்தாற்போன்ற கூர்மை அதன் வெள்ளை ஒயினுக்கு. பகல் வெப்பத்துக்கு அஞ்சி இரவில் பிழியப்பட்டதால் ஒரு வகை 'நிக்தேரி' எனப்பட்டது. நிக்தா என்றால் இரவு. ஆனால் தீவின் பழம்புகழ் வெயிலில் உலர்த்திப் பிழிந்த இனிப்பு ஒயினான வின்சாந்தோவால் வந்தது. ரஷ்யத் திருச்சபை அதைத் திருவிருந்துக்கு வாங்கியது. 1917இல் புரட்சியோடு அந்தச் சந்தை மறைந்தது.

உப்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பண்டைய கிரேக்கர் ஒயினில் கடல்நீர் கலப்பதுண்டு. கோஸ் தீவின் ஒயின் அதற்குப் பேர்போனது. அத்தீவின் பாணியிலமைந்த இரட்டைப்பிடிச் சாடிகளின் துண்டுகள் நம் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன. நக்கீரர் பாண்டியன் நன்மாறனுக்குச் சொன்ன யவனர் மது எந்தத் தீவினதாயினும், அந்தக் கடற்பரப்பின் சுவை நம் கரைக்குப் புதிதல்ல.

1956 ஜூலை நிலநடுக்கத்துக்குப் பின் பலர் தீவை விட்டு வெளியேறினர். 1971இல் சட்டப்படியான புவிசார் பெயர்க் காப்பு கிடைத்தது. எனினும் 1980களின் இறுதியில் குளிரூட்டிய கலன்களோடு புதிய ஒயின் ஆலைகள் வந்த பிறகே, இன்று நாமறியும் கூரிய உலர் ஒயின் உலகின் கவனத்தைப் பெற்றது. இன்று ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கிலும் அஸ்ஸிர்டிகோ வளர்கிறது.

எரிமலையால் ஆகாததை விடுதிகள் செய்துவிடக்கூடும் என்பதே என் அச்சம். தோட்டம் தருவதைவிட அந்த மனை பன்மடங்கு தருகிறது. வறட்சியில் விளைச்சல் சுருங்க, திராட்சை விலை ஏறுகிறது. கூடை முடையத் தெரிந்த கைகளோ குறைகின்றன. 2025 தொடக்கத்தில் நில அதிர்வுகள் தொடர்ந்தபோது ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினர். அது கவாத்துப் பருவம்.